முன்சக்கரம் நசுக்காத எலுமிச்சை

நிலக்கோட்டையிலிருந்து தார் ரோடு முடிந்து, வண்டிப்பாதையில் கொஞ்ச தூரம் போனால் ஓர் ஓடை குறுக்கே கிடக்கும். அதற்கு அந்தப் பக்கம் மல்லிகைத் தோட்டங்கள். பாலம் கிடையாது. கோடையில் ஓடை வெறும் மணல். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, இரண்டாவது கியரில் நிற்காமல் போனால் தாண்டிவிடலாம். ஐப்பசி மழை விழுந்துவிட்டால் மணல்மேல் சேறு படியும். அப்புறம் என் பிக்கப் தாண்டாது.

தொண்ணூறுகளில் அந்த டீசல் பிக்கப்பை நான் பழையதாக வாங்கியிருந்தேன். குடியிருந்தது திண்டுக்கல்லில். விடியும் முன்பே கிளம்பி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பூ மூட்டைகளை ஏற்றி, நிலக்கோட்டை மார்க்கெட்டில் இறக்குவது வேலை. மல்லிகை மொட்டாக இருக்கும்வரைதான் சரக்கு. காலையில் பறித்ததை நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை என்றால் மூட்டைக்குள்ளேயே வாய் திறந்துவிடும். விரிந்த பூவை மார்க்கெட்டில் கையால் தொட மாட்டார்கள்.

ஒரு மழைக்காலத்தில் மூட்டைகளோடு ஓடையின் நடுவில் மாட்டிக்கொண்டேன். பின்சக்கரம் சுற்றியது. சுற்றச் சுற்றக் குழி ஆழமானது. கல் போட்டோம். சாக்கு விரித்தோம். தோட்டத்து ஆட்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். வண்டி அசையவில்லை. உழவுக்குப் போயிருந்த டிராக்டரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தபோது மதியம் தாண்டிவிட்டது. அதற்குள் பூ விரிந்துவிட்டது. அந்தச் சேற்று ஓடையில் அப்படி ஒரு வாசம். எந்தக் கோயிலிலும் அப்படி ஒரு வாசத்தை நான் அறிந்ததில்லை. அத்தனை பேரும் மூச்சை இழுத்துக்கொண்டு நின்றோம். அவ்வளவும் வீண்.

அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் பேசுவது ஓர் அக்காதான். அவருக்கும் தோட்டம் உண்டு. அவர் முடிவு சொன்னால் மற்றவர்கள் மறு பேச்சுப் பேச மாட்டார்கள். அக்கா ஒரு மூட்டையைப் பிரித்தார். விரிந்த பூவை ஒரு கை அள்ளித் தண்ணீரில் விட்டார்.

"ஏப்பா, உன் வண்டிக்கு நாலு சக்கரம் இருக்குல்ல?"

"இருக்குக்கா."

"அதுல ரெண்டுதான் வேலை பாக்குது. முன்னாடி ரெண்டும் சும்மா கூட வருது, எங்க வீட்டுக்காரரு மாதிரி."

அவர் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அவரும் சேர்ந்து சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"அடுத்த ஐப்பசிக்கும் இதே கதைன்னா இப்பவே சொல்லிரு. செடியத் தோண்டிப் போட்டுட்டு முருங்கைய வச்சிர்றோம். முருங்கைக்காய் ரெண்டு நாள் கெடந்தாலும் கேள்வி இல்ல. மல்லி கெடக்காது."

அவர் மிரட்டவில்லை. நடப்பதைச் சொன்னார். மல்லிகைச் செடியை ஒரு தடவை வைத்தால் வருஷக்கணக்கில் பூக்கும். அதைத் தோண்டிவிட்டால் திரும்ப வைக்க யாருக்கும் மனது வராது. என் லோடில் பாதிக்குமேல் அந்தப் பக்கத்துப் பூ. செடி போனால் என் வண்டிக்கும் வேலை போய்விடும். "அடுத்த ஐப்பசிக்கு வந்திருவேன்க்கா" என்றேன். எப்படி வருவேன் என்று எனக்குத் தெரியாது.

திண்டுக்கல்லில் பேகம்பூர்ப் பக்கம் பட்டறை வைத்திருந்த பாயிடம் போனேன். என் வயதுதான் அவருக்கும். வாய் சும்மா இருக்காது. நான் பேசாததையும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

"ஃபோர் வீலா மாத்தணும் பாய்."

"எதுக்கு மாப்ள? கொடைக்கானலுக்குக் குடி போறியா?"

"ஓடைக்கு."

நடந்ததைச் சொன்னேன். அவர் வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார். நியூட்ரலில் போட்டுவிட்டு, "அந்தச் சக்கரத்தச் சுத்து" என்றார். இடப்பக்கச் சக்கரத்தை முன்னால் சுற்றினேன். வலப்பக்கச் சக்கரம் பின்னால் சுற்றியது.

"பாத்தியா? ரெண்டும் அண்ணன் தம்பி. ஒருத்தன் விட்டுக் குடுத்தாத்தான் இன்னொருத்தன் வளைவுல திரும்ப முடியும். ரோட்டுல அது நல்லது. சேத்துல எவனுக்குப் புடிமானம் இல்லையோ அவனே அம்புட்டு ஓட்டத்தையும் வாங்கிக்குவான். மத்தவன் நின்னு வேடிக்கை பாப்பான். உன் வண்டி டூ வீல் கூட இல்ல மாப்ள. சேத்துல ஒத்தச் சக்கரம்."

இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன். இரண்டும் சேர்ந்து இழுக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அந்தச் சக்கரத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்தேன். முன்னால் சுற்றினால் அது பின்னால். பின்னால் சுற்றினால் அது முன்னால். பாய் டீ வாங்கி வந்து, அது ஆறும்வரையிலும் நான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

செய்ய வேண்டியதைப் பாய் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். என் வண்டியின் முன் அச்சு வெறும் இரும்புச் சட்டம். அதை எடுத்துவிட்டு, பின்னால் இருப்பதுபோலவே உருண்டையாகப் புடைத்த குண்டும் அதற்குள் பல்சக்கரமும் உள்ள அச்சு ஒன்றை முன்னால் போட வேண்டும். அந்த அச்சை ஹவுசிங் என்பார்கள். கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி. அது இன்ஜினின் ஓட்டத்தை இரண்டாகப் பிரித்து, பின்னால் ஒரு தண்டு வழியாகவும் முன்னால் ஒரு தண்டு வழியாகவும் அனுப்பும். டிரைவர் சீட் பக்கத்தில் கூடுதலாக இரண்டு சின்ன லீவர்; அதில் ஒன்றை முன்னால் தள்ளினால் முன்சக்கரமும் இழுக்கும்.

ராணுவம் கழித்து ஏலத்தில் விட்ட ஜீப்புகளின் சாமான்கள் பழைய இரும்புக் கடைகளுக்கு வரும். சின்னப் பெட்டி அப்படித்தான் கிடைத்தது. அதற்கு ஜோடியான முன் ஹவுசிங் கிடைக்கவில்லை. அதை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். வேறு ஏதோ ராணுவ வண்டியின் ஹவுசிங் ஒன்று கிடந்தது. நல்ல கனம். பல் ஒன்றும் தேயவில்லை. பின் ஹவுசிங்கின் பல் கணக்கும் அதன் கணக்கும் ஒன்றாகவே இருந்தது. ஒரே ஒரு சங்கடம். அதில் குண்டு இடப்பக்கம் இருந்தது. எங்கள் பெட்டியிலிருந்து முன்னால் போகும் தண்டு வலப்பக்கம் வந்தது.

பாய் வெகுநேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"கவுத்துப் போட்டா குண்டு வலப்பக்கம் வந்துரும் மாப்ள."

யோசித்துப் பார்த்தேன். வந்துவிடும்.

"வந்துரும் பாய்."

அதோடு பேச்சு முடிந்தது. சக்கரம் திரும்புகிற இரண்டு முனைகளையும் அறுத்தெடுத்தோம். நடுப்பாகத்தை மட்டும் தலைகீழாகத் திருப்பி, முனைகளைப் பழையபடி நேராக வைத்துப் பக்கத்து லேத்துக்காரர் பற்றவைத்தார். ஆயில் ஊற்றும் ஓட்டை கீழே போய்விட்டது. அதை அடைத்துவிட்டு வேறு ஓட்டை போட்டோம். அப்போதுகூட எங்களுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஆடியில் முகூர்த்தம் இல்லை. பூவுக்குக் கிராக்கி குறைவு. அந்த மாதத்தில் வண்டியைப் பட்டறையில் விட்டேன். பழைய அச்சு கழன்றது. புது ஹவுசிங் ஏறியது. ஆடி முடியும் முன்பே எல்லாம் மாட்டியாகிவிட்டது. ஆனால் ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்று என் வீட்டுக்காரி சொல்லிவிட்டாள்.

"எங்களுக்கு ஆடியும் இல்ல, கோடியும் இல்ல" என்றார் பாய். "தங்கச்சி சொல்றதுக்காக இருக்கேன்."

ஆவணி பிறந்து முதல் நல்ல நாளில் அவள் எலுமிச்சம்பழமும் சூடமும் கொண்டுவந்தாள். பாய் பட்டறையிலிருந்து எந்த வண்டியும் பழம் நசுக்காமல் வெளியே போனதில்லை. பழம் வைக்கும் இடத்தை அவரேதான் சரிபார்ப்பார். "டயரத் தொட்ட மாதிரி இருக்கணும் தங்கச்சி. தள்ளி வச்சா உருண்டுரும்." நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நான்கு பழம். சூடம் காட்டினாள். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து நின்றார்கள்.

ஏறி உட்கார்ந்தேன். ஸ்டார்ட் செய்து, சின்ன லீவரை முன்னால் தள்ளி, முதல் கியர் போட்டு கிளட்சை விட்டேன்.

வண்டி போகவில்லை. நின்ற இடத்திலேயே உடம்பைத் தூக்கியது. அடிமுதல் நுனிவரை நடுங்கியது. ஸ்டீயரிங் கையில் உதறியது. இன்ஜின் ஒரு முனகல் முனகிவிட்டு அணைந்தது. அப்படி ஒரு நடுக்கத்தை எந்த வண்டியிலும் நான் கண்டதில்லை.

இறங்கிப் பார்த்தேன். பின்னால் இரண்டு பழமும் நசுங்கி, மண்ணில் சாறு ஓடியிருந்தது. முன்னால் வைத்த இரண்டும் ஒரு கீறல் இல்லாமல், சக்கரத்தை விட்டுத் தள்ளி உருண்டு கிடந்தன.

என் வீட்டுக்காரி முகம் மாறியது. டீக்கடையில் ஒருவர், "முன்பழம் நசுங்கலைன்னா வண்டிய எடுக்காதப்பு" என்றார்.

"அது ஒண்ணுமில்ல" என்றார் பாய். "முன்னாடி ரெண்டும் கறுப்புச் சட்டைக் கட்சி. பழம், சூடம்னா ஒத்துக்கிறாது."

எல்லாரும் சிரித்தார்கள். பாய் மட்டும் சிரித்து முடித்துவிட்டு அந்தப் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டையும் எடுத்துத் திரும்ப டயருக்கு முன்னால் வைத்தார். தாடை மண்ணில் படும்படி குப்புறப் படுத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை விடு மாப்ள. மெதுவா."

விட்டேன். வண்டி நடுங்கியது. அணைந்தது. பாய் எழுந்திருக்கவில்லை.

"டயர் பழத்த வெளிய தள்ளுது. முன்சக்கரம் ரிவர்ஸ்ல போகுது."

நான்கு சக்கரமும் தரையைத் தொடாதபடி கட்டை வைத்து வண்டியைத் தூக்கினோம். ஸ்டார்ட் செய்து முதல் கியர் போட்டேன். இறங்கி வந்து பக்கத்தில் நின்று பார்த்தேன். பின்சக்கரம் இரண்டும் முன்னால் சுற்றின. முன்சக்கரம் இரண்டும் பின்னால் சுற்றின. ஒரே இன்ஜின். பாதி வண்டி மதுரைக்குப் போகிறது. பாதி வண்டி கரூருக்குப் போகிறது.

தப்பாகிவிட்டது என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. மலைத்துப்போய் நின்றேன். நாங்கள் வெட்டி ஒட்டிய இரும்பு, நாங்கள் சொன்னதை அப்படியே கேட்டிருக்கிறது. தலைகீழாக வைத்தோம். தலைகீழாகச் சுற்றுகிறது. அதன் பேரில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. டீக்கடை ஆள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டினார்.

பாய் நசுங்காத பழத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதன்மேல் தன் கையை வைத்து முன்னால் தள்ளினார். பழம் முன்னால் உருண்டது. பிறகு பழத்தைத் தன் கைமேல் வைத்துக்கொண்டு, என் கையை மேலே வைக்கச் சொன்னார். இப்போதும் தன் கையை முன்னால் தள்ளினார். பழம் பின்னால் சுற்றியது.

"தள்ளுறது ஒரே பக்கந்தான். மேலருந்து தள்ளுறதும் கீழருந்து தள்ளுறதும் வேற வேற. அம்புட்டுதான் மாப்ள. இந்த அம்புட்டு எனக்குத் தெரியல பாரு."

"எனக்குந்தான் தெரியல."

"உனக்கு ஓட்டத்தான் தெரியணும்."

வேறு ஹவுசிங் தேடிப் பார்த்தோம். கிடைக்கவில்லை. இருப்பதை வைத்துத்தான் செய்தாக வேண்டும். குண்டுக்கு இரண்டு பக்கமும் குழாய்போலக் கை உண்டு. ஒன்று நீளம், ஒன்று குட்டை. குண்டைத் திரும்ப நேராக நிறுத்திவிட்டு, நீளக் கையை இந்தப் பக்கமும் குட்டைக் கையை அந்தப் பக்கமும் மாற்றிப் போட்டால் குண்டு தானாக வலப்பக்கம் வந்துவிடும். சொல்ல எளிது. அந்தக் குழாய்கள் ராணுவத்துக்காக அடித்து இறுக்கியவை. பிடுங்கியெடுப்பதே பெரும்பாடு. திரும்பச் சொருகும்போது ஒரு மயிரிழை கோணினாலும் உள்ளே பல்லைப் பல் தின்றுவிடும்.

புரட்டாசி வந்துவிட்டது. வண்டி கட்டைமேல் நின்றது. பூவைத் தோட்டத்து ஆட்கள் தலையில் சுமந்து ஓடையைத் தாண்டி, தார் ரோட்டில் பஸ்ஸில் போட்டார்கள். ஒருநாள் மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்தேன்.

"நாத்துக்குச் சொல்லி வச்சிருக்கேன். முருங்கை" என்றார். "மொத மழை வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல பாக்க மாட்டேன்."

அந்த நாட்களில் பாய் கிண்டல் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. லேத்துக்காரரும் அவரும் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நூல் பிடித்து, கண்ணை ஒடுக்கிப் பார்ப்பார்கள். கொஞ்சம் பற்றவைப்பார்கள். ஆறவிடுவார்கள். திரும்ப நூல் பிடிப்பார்கள். ஒருமுறை குண்டின் மூடி திறந்திருந்தபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். பெரிய பல்சக்கரமும் சின்னப் பல்சக்கரமும் ஒன்றுக்குள் ஒன்று வளைந்து பதிந்திருந்தன. விரலால் சின்னதைச் சுற்றினேன். ஒரு பல் விலகும்போது அடுத்த பல் வந்து சேர்ந்துவிடுகிறது. நடுவில் இடைவெளி என்பதே இல்லை. தண்டின் ஓட்டம் அங்கே வந்து திரும்பி இரண்டு பக்கமும் பிரிந்து போகிறது. எந்தச் சத்தமும் இல்லை. இதை முதலில் யோசித்தவன் எங்கே இருந்தான், என்ன சாப்பிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை முடிந்து கட்டைமேல் வைத்தே ஓட்டிப் பார்த்தோம். நான்கும் முன்னால் சுற்றின. பாய் ஒவ்வொரு சக்கரத்தின் பக்கமும் போய் நின்று பார்த்தார். அன்றைக்குச் சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. முதல் மழை. விடியும்வரை விடவில்லை.

காலையில் கிளம்பும்போது பாய் தானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டார். சட்டைப் பையில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். ஓடைக் கரைக்குப் போனபோது தூறல் இருந்தது. தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். ஆனால் அடியில் சேறு. அந்தக் கரையில் மூட்டைகள் வரிசையாக இருந்தன. தலைச்சுமைக்கு ஆட்களும் தயாராக நின்றார்கள். அக்கா எங்களைப் பார்த்தார். கையைக்கூட அசைக்கவில்லை.

பாய் இறங்கி நான்கு சக்கரத்துக்கும் முன்னால் பழம் வைத்தார். வைத்தவுடன் அவை பாதி சேற்றில் இறங்கின.

"நசுங்காதே பாய்" என்றேன்.

"சேத்துல நசுங்காது. அமுங்கும். சகுனம்லாம் தார் ரோட்டுக்குத்தான் மாப்ள. நீ விடு."

லீவரைத் தள்ளினேன். முதல் கியர். கிளட்சை விட்டேன். வண்டி தண்ணீருக்குள் இறங்கியது.

நடு ஓடையில், எப்போதும் மாட்டுகிற அதே இடத்தில், பின்பக்கம் அமுங்குவதை இடுப்பில் உணர்ந்தேன். பின்சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகு குழிதான். ஆக்சிலேட்டரைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அப்போது முன்பக்கம் தலையைக் கொஞ்சம் உயர்த்தியது. எதிரே யாரோ கயிறு கட்டி இழுக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். எதிரே யாரும் இல்லை. முன்சக்கரங்கள் சேற்றைக் கிழித்துத் தரையைப் பிடித்துக்கொண்டு ஏறின. அமுங்கிய பின்பக்கம் அவற்றின் பின்னாலேயே எழுந்து வந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். பாய் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே விட்டு முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கரை ஏறி நிறுத்தினேன். அக்கா மூட்டையை விட்டு வந்தார். நேராக முன்சக்கரத்திடம் போனார். குனிந்து, சேறு வழிகிற டயரைத் தொட்டுப் பார்த்தார்.

"இதும் இழுக்குதா?"

"இழுக்குதுக்கா."

"நாலுமா?"

"நாலும்."

அக்கா தன் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் அன்றைக்கும் குடையோடுதான் நின்றார்.

"ஏன் பாய், இவரையும் உங்க பட்டறைக்கு அனுப்பி விடவா?"

"அனுப்புங்கக்கா" என்றார் பாய். "ஆனா இனிமே யாரையும் கவுத்துப் போட மாட்டேன்."

அந்தக் கதை அவர்களுக்குத் தெரியாது. இருந்தாலும் சிரித்தார்கள். இந்தத் தடவை அக்காவும் சிரித்தார். "முருங்கை நாத்த வேற யாருக்காச்சும் சொல்லிரு" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, மூட்டைகளை ஏற்றச் சொன்னார்.

திரும்பும்போது லோடு ஏறியிருந்ததால் பின்சக்கரத்துக்கும் பிடிமானம் இருந்தது. நான்கும் சேர்ந்து இழுத்தன. இந்தக் கரை வந்ததும் பாய் இறங்கிப்போய்ச் சேற்றில் பழத்தைத் தேடினார். கிடைக்கவில்லை.

சில வருஷம் கழித்து அந்த ஓடைக்குப் பாலம் வந்தது. சின்ன லீவரைத் தொட வேண்டிய வேலையே இல்லாமல் போனது. அந்தப் பக்கம் மல்லிகை அப்படியே நின்றது.

நான்கு சக்கரமும் இழுத்து ஓடையைத் தாண்டிய அந்த முதல் நாளில், மார்க்கெட்டில் மூட்டையை இறக்கியதும், வாங்குகிறவர் முடிச்சை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டார். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பிடி அள்ளி வெளியே எடுத்து விரித்துக் காட்டினார். ஈரமாக இருந்தது. ஒரு மொட்டுகூட வாய் திறக்கவில்லை.

"அக்கரைப் பூவா?" என்று கேட்டார்.

"ஆமா."

"மழையில எப்படிக் கொண்டாந்தீக?"

முன்சக்கரம் இழுத்தது என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. அடுத்த மூட்டையை இறக்கப் போனேன்.